மாப்பிள்ளைக்கு ஒரு சேணம்

ரகுபதி முப்பத்தோரு ஆண்டுகளாக மனிதர்களின் பின்புறத்துக்குச் சேவை செய்து வருபவர். சிங்கப்பூரின் ஜாலான் புசார் தெருவில் பைப்பு விற்கும் கடைக்கும் ஒரு சின்ன ஹோட்டலுக்கும் நடுவே இருக்கிறது அவருடைய சோபாக் கடை. டாக்சி சீட்டு, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, கல்யாண மேடையில் மணமக்கள் நெளியும் சிம்மாசனம் என்று அவர் கைபட்ட இருக்கைகள் இந்தத் தீவெங்கும் பரவிக் கிடக்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் தம் வேலையின்மீது உட்கார்ந்து எழுகிறார்கள் என்று ஒரு மழை நாளில் யோசித்துப் பார்த்தார். ஒருவர்கூட எழுந்து திரும்பிப் பார்த்து "நல்லா இருக்கே" என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

குறை சொல்ல மட்டும் வருவார்கள். அவர்களுக்கென்று ரகுபதி ஒரே ஒரு பதில் வைத்திருந்தார். "உக்கார உக்கார செட்டாயிடும்லா." மெத்தை கல்லாக இருந்தாலும் இதுதான், தொட்டிலாகத் தொங்கினாலும் இதுதான். அறிவியல் உலகம் இன்றுவரை இந்தக் கூற்றை மறுக்கவில்லை.

அப்படிப்பட்டவரின் கடைக்குள் சென்ற மார்ச் மாதம் ஒரு பகல் வேளையில் வசந்தகுமாரி டீச்சர் நுழைந்தார். உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஆனாலும் அவர் நடைபாதையில் வருவதைப் பார்த்ததும் பைப்புக் கடைக்காரர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். கடைக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு.

"நீங்கதான் ரகுபதியா?"

"ஆமா டீச்சர்." அவர் டீச்சர் என்று ரகுபதிக்கு யாரும் சொல்லவில்லை.

டீச்சர் பெரிய பையிலிருந்து ஒரு தோல் வஸ்துவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

ரகுபதி அதை ஒருமுறை வலம் வந்தார். "பார்ல உயரமா ஒரு ஸ்டூல் போடுவாங்களே, அதோட மேல் பாகமா?"

"சேணம். குதிரைச் சேணம். கவ்பாய் ஸ்டைல், பழைய மாடல். ஆன்லைன்ல வாங்குனேன். அவனுக்கும் சேரல, எனக்கும் சேரல."

'அவன்' என்பது கிராஞ்சியில் ஒரு லாயத்தில் டீச்சர் குத்தகைக்கு எடுத்திருந்த குதிரை. ஓய்வு பெற்ற தோழிகள் சிலர் தோட்டம் போட்டார்கள், சிலர் பேரப்பிள்ளை பார்த்தார்கள். டீச்சர் நாற்பது வருடமாகப் பிள்ளைகளை மேய்த்தது போதும் என்று குதிரை ஏறப் போனார். லாயத்தில் எல்லோரும் வைத்திருந்தது இங்கிலீஷ்காரச் சேணம். "அது வழுக்கைத் தலை மாதிரி இருக்கு. பிடிச்சுக்க ஒரு முடி கிடையாது. ரெண்டு தடவை விழுந்துட்டேன்" என்றார். பிறகு மேசைமேல் இருந்ததன் முன்பக்கத்தில் குமிழாக எழுந்து நின்ற கொம்பைத் தொட்டுக் காட்டினார். "கவ்பாய் இதுல மாட்டைக் கட்டுற கயித்தைச் சுத்துவானாம். நான் என்னையக் கட்டிக்கப் போறேன். இதே மாதிரி, அவன் முதுகுக்குச் சரியா, கையால ஒண்ணு செஞ்சு குடுங்க. பூ வேலைப்பாடெல்லாம் வேணாம்."

"எனக்குச் சேணம் தெரியாது டீச்சர். சோபாதான்."

"படிச்சுக்கங்க." நாற்பது வருடம் இதைச் சொல்லியே பழகியவர். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "லாயத்து மேனேஜர் சொல்லிட்டாங்க. வர்ற ஜனவரி கடைசிக்குள்ள நான் அவன்மேல விழாம உக்காந்து ஓட்டிக் காட்டணும், அவன் முதுகும் நோகக் கூடாது. இல்லாட்டி அவனை ஆஸ்திரேலியாவுல ஏதோ பண்ணைக்கு அனுப்பிருவாங்க. சும்மா நிக்கிற குதிரைக்கு இங்க எடம் இல்லையாம்."

"சும்மா நிக்கிற யாருக்குத்தான் டீச்சர் இங்க எடம் இருக்கு?" என்றார் ரகுபதி.

அந்தச் சனிக்கிழமையே கடை வேனை எடுத்துக்கொண்டு கிராஞ்சிக்குப் புறப்பட்டார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று மனைவி சுதா கேட்டதற்கு, சோபா வாய் திறக்காது, குதிரை அப்படியல்ல, பிடிக்காவிட்டால் காதை மடக்கும், உதைக்கும், தம் வேலையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் தெரிவிக்கும் என்று விளக்கினார். அதுவரை எந்தக் குதிரையையும் பத்தடிக்குள் நெருங்கியதில்லை என்பதை விளக்கவில்லை.

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் நாகூர்க்காரர் அப்துல் கஃபார். பதினோரு வருடமாக அங்கே வேலை. குதிரையின் பந்தயப் பெயர் 'டிரிபிள் பிராஸ்பெரிட்டி'. ஒன்பது பந்தயம் ஓடியது. ஒருமுறை கடைசிக்கு முந்திய இடத்தில் வந்ததை லாயத்தில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள்.

"நாங்க மாப்பிள்ளைன்னுதாண்ணே கூப்பிடுவோம்" என்றார் கஃபார். "வேலை கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு. மூஞ்சியைக் கொஞ்சம் தூக்குனா ஊரே ஓடி வரும்."

அளவெடுப்பது இப்படி. வளைத்தால் வளைந்தபடி நிற்கும் தடித்த கம்பியை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் குறுக்காக வைத்து அழுத்த வேண்டும். முதுகின் வளைவு அப்படியே கம்பியில் வரும். அதை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். இதற்குக் குதிரையின் பக்கத்தில் போக வேண்டும் என்ற ஒரு சிறு சிக்கல் இருந்தது. ரகுபதி கம்பியோடு போனார். மாப்பிள்ளை திரும்பி அவர் காதருகில் ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த கணம் ரகுபதி கஃபாருக்குப் பின்னால் இருந்தார்.

"பயமாண்ணே?"

"பயமில்ல. மரியாதை."

மதியத்துக்கு வைத்திருந்த வாழைப்பழம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கஃபார் தண்ணீர் வாளி எடுக்கப் போன சமயத்தில் நீட்டினார். மாப்பிள்ளை தோலோடு தின்றுவிட்டு, படம் பிடிக்க நிற்பவர்போல நின்றது. அளவெடுப்பு முடிந்தது. குதிரைகளைப் பற்றி உலகில் தெரிந்துகொள்ள வேண்டிய அனைத்தையும் தெரிந்துகொண்டதாக ரகுபதி கருதினார்.

சேணத்துக்குள்ளே ஓர் எலும்புக்கூடு உண்டு. குதிரையின் முதுகுக்கு ஏற்றபடி மரத்தில் செதுக்கி, பச்சைத் தோலை இழுத்துப் போர்த்திக் காயவைத்த சட்டம். அதைச் செதுக்குகிறவர்கள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். ரகுபதி அட்டையின் அளவை அனுப்பிவிட்டுக் காத்திருந்த மூன்று மாதத்தில், டீச்சரின் ஆன்லைன் சேணத்தைக் கடைத் தரையில் போட்டுப் பிரித்தார். முப்பத்தேழு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பரப்பி வைத்தார். சோபா விலை கேட்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, "என்ன பாஸ், ஆக்சிடென்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜூனில் சட்டம் வந்தது. தட்டினால் மண்டையோட்டைத் தட்டியதுபோல் ஒலித்தது. கிராஞ்சிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் முதுகில் அது பிறவியிலேயே முளைத்ததுபோல உட்கார்ந்தது. இனி இதில் நூலளவு திருத்தவும் முடியாது, திருத்தத் தேவையும் இல்லை என்று ரகுபதி அறிவித்தார். அதில் பாதி உண்மை.

அடுத்த நான்கு மாதம் தோல் வேலை. கனத்த தோலை நனைத்து, சட்டத்தின்மேல் கையால் தேய்த்துத் தேய்த்துப் படியவைத்து, மெதுவாக உலர விட வேண்டும். சிங்கப்பூர் காற்றில் தோலை மெதுவாக உலர விட்டால் மூன்றாம் நாள் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். எனவே சேணம் ஈசூனில் இருந்த ரகுபதி வீட்டுப் படுக்கையறைக்கு வந்து, இஸ்திரிப் பலகைமேல் ஏறி அமர்ந்து, இரவு பகலாக ஏர்கானில் இருந்தது.

"எனக்குப் போட்டா இருபத்தாறு டிகிரி, கரண்டு பில்லுன்னு சத்தம்" என்றார் சுதா, இரண்டு போர்வைக்குள்ளிருந்து. "அதுக்கு இருபத்திரண்டா?"

"அது செட்டாகணும் சுதா."

"நான் கட்டிட்டு வந்து இருபத்தேழு வருஷம். எனக்கு இன்னும் ஆகல."

தையல் முழுக்கக் கையால். ஒரே மெழுகு நூல், அதன் இரு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒரே துளையில் இடப்பக்கத்திலிருந்து ஒன்று, வலப்பக்கத்திலிருந்து ஒன்று. ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். இதில் ரகுபதி மனம் நெகிழ்ந்து, "நம்ம குடும்ப வாழ்க்கை மாதிரி" என்றார்.

"ரெண்டு ஊசியும் நான்தாங்க" என்றார் சுதா.

சேணம் வீட்டைவிட்டு அசையக் கூடாது. ஆனால் டீச்சருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை நேரில் வேண்டும், அதுவும் லாயத்தில். எனவே ரகுபதி படங்களோடும் டேப்போடும் கிராஞ்சிக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் பையில் ஏதாவது இருந்தது. ஆப்பிள், அச்சு வெல்லம், தீபாவளி சமயத்தில் சுதா சுட்ட அதிரசம். கையூட்டு என்ற சொல் இந்த நாட்டில் மிகவும் ஆபத்தானது. ஆகவே அவர் மனத்துக்குள் அதற்கு 'நல்லுறவு' என்று பெயர் வைத்திருந்தார்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரின் அளவை ஆகஸ்டில் எடுத்தார். சந்தேகத்துக்கு அக்டோபரிலும் எடுத்தார். மூன்று அங்குலம் கூடியிருந்தது. டேப் மழையில் நனைந்து சுருங்கிவிட்டது என்று முடிவு செய்து முஸ்தபா கடையில் புது டேப் வாங்கினார். அனுபவசாலி வேறெப்படி நினைப்பார்? முப்பத்தோரு ஆண்டில் எந்த சோபாவும் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை சேணம் கிராஞ்சிக்குப் போனது. வறுத்த வேர்க்கடலை நிறம். ஒரு பூ கிடையாது, ஒரு பித்தளை மினுக்கு கிடையாது. அடியில் செம்மறியாட்டு ரோமம். கொம்பு டீச்சரின் உள்ளங்கைக்கென்றே உருண்டிருந்தது. டீச்சர் அதைச் சுற்றி வந்து தையலை விரலால் எண்ணிப் பார்த்து, "ம்" என்றார். அவருடைய மாணவர்கள் பலர் பட்டம் வாங்கியபோதுகூட இந்த "ம்" கிடைக்கவில்லை.

கஃபார் அதைத் தூக்கி முதுகில் வைத்தார். அது உட்காரவில்லை. பெரிய தலையில் வைத்த பள்ளிக்கூடத் தொப்பிபோல மேலே நின்றது. ஒரு விரலால் தள்ளியதும் ஊஞ்சலாடியது. மாப்பிள்ளை காதைப் பின்னுக்கு மடக்கி ரகுபதியைப் பார்த்தது. அவர் கேட்டிருந்த அபிப்பிராயம் அதுதான்.

வாய் தானாகத் திறந்தது. "ஓட ஓட செட்டாயிடும்லா."

"யாருக்கு?" என்றார் டீச்சர். "எனக்கா, அவனுக்கா?"

ரகுபதி சேணத்தை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் பதினோரு வாரந்தான் இருக்கு, ரகுபதி. தப்பா அளந்துட்டீங்க."

"இல்ல டீச்சர்!" கோபமாக வேனுக்குப் போய், மார்ச்சில் வெட்டிய அட்டையைக் கொண்டுவந்தார். "ஜூன்ல சட்டம் சரியா உக்காந்துச்சே. நீங்களே பாத்தீங்க." அட்டையைக் குதிரையின் முதுகில் வைத்தார். வளைவின் இரு கால்களும் விலாவில் முட்டி நின்றன. உச்சியில் மூன்று விரல் நுழையும் இடைவெளி.

கஃபார் அட்டையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "அளவு சரிதாண்ணே. ஆளுதான் மாறிட்டாரு."

மாப்பிள்ளையின் வயிற்றை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நான் தீனி அளந்துதான் போடுறேன்" என்றார் கஃபார். "எனக்குத் தெரியாம யாரோ குடுக்குறாங்க."

டீச்சர் மேற்கூரையின் காற்றாடியை ஆராய்ந்தார். ரகுபதி சேணத்தில் இல்லாத தூசியைத் தட்டினார். சாட்சி சொல்ல மாப்பிள்ளையே முன்வந்தது. நேரே போய் டீச்சரின் கைப்பைக்குள் மூக்கை விட்டது. பை சரிந்து, நான்கு கேரட்டும் காயா ஜாம் தடவிய ரொட்டி ஒரு பொட்டலமும் வைக்கோலில் விழுந்தன.

"மெலிஞ்சு இருந்தானேப்பா" என்றார் டீச்சர். துணைத் தலைமையாசிரியரின் குரல் எங்கோ போயிருந்தது. "விலா எலும்பு தெரிஞ்சுச்சு. எப்படிப் பாத்துட்டுச் சும்மா போறது?"

"குதிரைக்குத் தொட்டா விலா லேசாத் தட்டுப்படணும் டீச்சரம்மா. தினமுமா குடுத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை வர மாட்டேன்."

ரகுபதி நிம்மதியாக மூச்சுவிட்டு, ஒரு நீதிபதியின் முகத்தை அணிந்தார். அது சில வினாடிதான் நிலைத்தது. மாப்பிள்ளை அவருடைய கால்சட்டைப் பையை மோந்து, உதட்டால் ஓர் எண்ணெய்க் காகிதத்தை வெளியே இழுத்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். "அதிரசமா? குதிரைக்கு அதிரசமா?"

"மீந்து போச்சு டீச்சர்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மார்ச்லேருந்து." பிறகு உண்மை முழுதாக வந்துவிட்டது. "எனக்குப் பயம் டீச்சர். ஏதாச்சும் குடுத்தாத்தான் பக்கத்துல விடுது."

இருவரும் ஒரே நேரத்தில் கஃபாரைப் பார்த்தார்கள். கஃபார் வாளியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "நோன்பு மாசத்துல மட்டும்" என்றார். "தெறக்குறப்போ அதுவும் பாத்துக்கிட்டே நிக்கும். பேரீச்சம்பழம் ரெண்டு… நாலு."

மாப்பிள்ளை என்று பெயரும் வைத்துவிட்டு, விருந்து வேண்டாம் என்றால் எப்படி? குற்றம் சாட்ட ஆளில்லாத நிலையில் விசாரணை முடிந்தது. சட்டத்தை மாற்ற முடியாது. புதிது வரவழைக்க நேரமில்லை. சேணத்துக்கு ஏற்றபடி குதிரையைத் திருத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. மாப்பிள்ளை வாக்களிக்கவில்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், டீச்சர் வந்தார். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டவணை ஒன்று கொட்டிலின் கதவில் ஏறியது. புல் எத்தனை கிலோ, நடை எத்தனை நிமிடம், யார் கையெழுத்து. உள்ளே நுழைகிறவர்கள் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். முதலில் கவிழ்த்தவர் டீச்சர். தினமும் காலையில் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்தார். முதல் மூன்று வாரத்தில் டீச்சர் இரண்டு கிலோ இளைத்தார். குதிரை அப்படியே இருந்தது.

ரகுபதியின் பாடுதான் பெரும்பாடு. சனிக்கிழமைதோறும் அட்டையோடு, வெறும் கையோடு, அந்த முதுகை நெருங்க வேண்டும். முதல் வாரம் மாப்பிள்ளை அவர் பையை மோந்து ஒன்றும் இல்லாததைக் கண்டு, சட்டைக் காலரைக் கடித்தது. அவர் "கஃபார்! கஃபார்!" என்று கத்தினார், ஆனால் ஓடவில்லை. இரண்டாம் வாரம் காலரோடு தயாராக நின்றார். மூன்று விரல் இடைவெளி டிசம்பர் நடுவில் இரண்டானது. கிறிஸ்மஸுக்கு ஒன்றரை. பொங்கலன்று லாயத்துக்கு யாரும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவரக் கூடாது என்று டீச்சர் தனிச் சுற்றறிக்கை விட்டார். அன்று ஒரு விரல்.

"நம்ம பையன் ஓ லெவல் எழுதினப்பகூட நீங்க இப்படிச் சோறு எறங்காம இருந்ததில்ல" என்றார் சுதா.

"அவன் ஃபெயிலானா திரும்ப எழுதலாம். இவனை பிளேன்ல ஏத்திருவாங்க."

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. அட்டை முதுகில் படிந்தது. ஒரு காகிதம் நுழைய இடமில்லை. லாயத்து மேலாளர், அதிகம் பேசாத பெண்மணி, வேலியோரம் வந்து நின்றார். கஃபார் சேணத்தை வைத்தார். அது ஊசலாடாமல், "தொப்" என்று ஒரு சத்தத்தோடு அமர்ந்தது. டீச்சர் படிமேல் ஏறி, காலைப் போட்டு, கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் நடை, பிறகு ஓட்டம். இருபது நிமிடம், நல்ல வெயில். இரண்டாவது சுற்றின் வளைவில் டீச்சர் ஒரு பக்கமாகச் சரிந்தார். வேலியோரத்தில் ரகுபதியும் அதே பக்கமாகச் சரிந்தார். டீச்சர் இரண்டு கையாலும் கொம்பைப் பற்றி நிமிர்ந்தார். மாப்பிள்ளை, தன் பந்தய வாழ்க்கையில் கைவிடாத அதே நிதானத்தோடு, வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தது. பிறகு மூன்றாவது சுற்று. டீச்சர் விழவில்லை.

ஆனால் பரீட்சை முடியவில்லை. முதுகு நொந்ததா இல்லையா என்பதைச் சேணத்தைக் கழற்றினால் வியர்வை சொல்லும். சேணம் சமமாகப் படிந்த இடமெல்லாம் சமமாக நனைந்திருக்கும். எங்கே அழுத்திக் கடித்ததோ அங்கே வியர்வை வராது, காய்ந்த திட்டாகத் தெரியும். கஃபார் வாரை அவிழ்த்தார். ரகுபதி வேறு திசையில் திரும்பி நின்றுகொண்டார்.

"அண்ணே. வந்து பாருங்க."

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கருத்து நனைந்த இரண்டு பெரிய பரப்புகள், ஒன்றின் நிழல் மற்றொன்றுபோல. ரகுபதி உள்ளங்கையால் முன்னிருந்து பின்னாகத் தடவிப் போனார். ஓரிடத்தில் கை நின்றது. இடப்பக்கம், பின்னால், ஐம்பது காசு அளவில் ஒரு காய்ந்த புள்ளி. டீச்சர் இன்னும் பார்க்கவில்லை. மேலாளரும் பார்க்கவில்லை.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றார் ரகுபதி. "என் தப்பு. ஆட்டுத்தோலுக்கு அடியில ஒரு முடிச்சை மேடா விட்டுருக்கேன். இப்பவே எடுத்துடறேன்."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சேணத்தை மடியில் திருப்பி, தையலைப் பிரித்து முடிச்சை வெட்டினார். மேலாளர் அந்தப் புள்ளியையும் முதுகையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கதவில் இருந்த அட்டவணையை எடுத்து, கீழே காலியாக இருந்த இடத்தில் ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மாப்பிள்ளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, திரும்புவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ரகுபதி அந்த ஈர முதுகைக் கைப்பேசியில் படம் பிடித்து சுதாவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. "என்னங்க இது? யார் வீட்டு சீலிங் ஒழுகுது?"

அவர் ஊசியைச் சட்டைப் பையில் குத்திவைத்துவிட்டு, தட்டி அனுப்பினார். "குதிரை எங்கயும் போகல."